தொகுப்புக் கட்டுப்பாட்டுப் பிழை

தொகுப்புக் கட்டுப்பாட்டுப் பிழை என்பது, கணினிவழி வடிவமைப்பு மென்பொருட்களில் பல பாகங்களைப் பொருத்தி ஒரு தொகுப்பை உருவாக்கும்போது, அப்பாகங்களுக்கிடையே இடப்பட்ட நிபந்தனைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்ய இயலாத நிலையில் மென்பொருள் வெளியிடும் எச்சரிக்கை ஆகும். தொகுப்பு என்பதை வடிவமைப்புக் கூடங்களில் அசெம்பிளி என்றே வழங்குவர். "இந்த முகம் அந்த முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்", "இந்தத் துளையின் அச்சும் அந்தத் தண்டின் அச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்பன போன்ற நிபந்தனைகளே கட்டுப்பாடுகள் எனப்படுகின்றன. இவற்றைச் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் மேட் என்றும், ஆட்டோடெஸ்க் இன்வென்டர், கிரியோ ஆகியவை கன்ஸ்ட்ரெயின்ட் என்றும் அழைக்கின்றன. பெயர் வேறாயினும் இவற்றின் அடிப்படைக் கணிதம் ஒன்றே.

இவ்வெச்சரிக்கை ஒருமுறை தோன்றி மறைவதில்லை. கடைசியாக இட்ட கட்டுப்பாட்டை நீக்கினால் மறையும். அடுத்த முறை ஏதேனும் ஓர் அளவை மாற்றியதும் வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றும். எச்சரிக்கை காட்டப்படும் இடமும் பிழையின் காரணம் இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

பின்னணி

வடிவங்களின் மீது கட்டுப்பாடுகளை இட்டு, அவற்றைக் கணினியே நிறைவு செய்யுமாறு விடும் எண்ணத்தை முதன்முதலில் நடைமுறையில் காட்டியவர் ஐவன் சதர்லேண்ட். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 ஆம் ஆண்டு அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் விளக்கப்பட்ட ஸ்கெட்ச்பேட் நிரல், இரு கோடுகளை இணையாக்கு, சமமாக்கு என்னும் கட்டளைகளை ஏற்றுக்கொண்டது. 1988 இல் வெளிவந்த புரோ-எஞ்சினியர் இவ்வெண்ணத்தை முப்பரிமாண வடிவமைப்புத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. 1995 இல் சாலிட்வொர்க்சும் 1999 இல் இன்வென்டரும் தனிக்கணினிகளில் இதனைப் பரவலாக்கின.

கட்டுப்பாடுகளைச் சமன்பாடுகளாக மாற்றி விடை காணும் பகுதி தீர்வி எனப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தீர்வியை எழுதிக்கொள்வதில்லை. 1989 இல் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட டி-கியூப்டு நிறுவனத்தின் தீர்விகள் சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ் உள்ளிட்ட பல மென்பொருட்களில் அமைந்துள்ளன. ஒரு மென்பொருளில் கற்ற கட்டுப்பாட்டு ஒழுங்கு மற்றொன்றிலும் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கட்டின்மை அளவுகள்

வெளியில் தடையின்றி இருக்கும் ஒரு திடப்பொருள் ஆறு வழிகளில் அசைய முடியும். மூன்று அச்சுகளின் வழியே நகர்தல் மூன்று; அதே அச்சுகளைச் சுற்றிச் சுழலுதல் மூன்று. இவை அப்பொருளின் கட்டின்மை அளவுகள் எனப்படும். ஒவ்வொரு கட்டுப்பாடும் இவற்றுள் சிலவற்றைப் பறிக்கிறது. தள முகங்கள் இரண்டை ஒட்டவைத்தால் மூன்று பறிபோகும்: முகத்துக்குச் செங்குத்தான நகர்வு ஒன்று, சாய்வுகள் இரண்டு. அச்சுகள் இரண்டை ஒன்றாக்கினால் நான்கு பறிபோகும்: பக்கவாட்டு நகர்வுகள் இரண்டு, சாய்வுகள் இரண்டு. அச்சின் வழியே வழுக்குவதும் அச்சைச் சுற்றிச் சுழலுவதும் எஞ்சும்.

இக்கணக்கு கணினிக்கு முந்தியது. 1876 இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியற் கருவிகளின் கண்காட்சிக்கான கையேட்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல், ஒரு கருவியின் பாகத்தை நிலைநிறுத்த ஆறு தாங்கல்களே போதும் என்பதையும், அதற்கு மேற்பட்டால் பாகம் விகாரத்துக்கு உள்ளாகும் என்பதையும் விளக்கியிருந்தார். அங்கே உலோகம் வளைந்து கொடுக்கிறது. கணினியில் உள்ள பாகம் வளையாது. ஆகவே பிழைச்செய்தி வருகிறது.

இரு தகடுகள்: ஓர் எடுத்துக்காட்டு

இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள். துளைகளின் இடைத்தூரம் 50 மில்லிமீட்டர். கீழ்த்தகடு அசையாது நிறுத்தப்பட்டுள்ளது. மேல்தகட்டை வைக்கப் பெரும்பாலானோர் இடும் கட்டுப்பாடுகள் மூன்று: முகங்களை ஒட்டவை, முதல் துளைகளின் அச்சுகளை ஒன்றாக்கு, இரண்டாம் துளைகளின் அச்சுகளை ஒன்றாக்கு. பார்வைக்கு இது முற்றிலும் இயல்பானது.

கணக்கிட்டால் முகம் 3, முதல் அச்சு 4, இரண்டாம் அச்சு 4, ஆக மொத்தம் 11. தகட்டுக்கு உள்ளவையோ 6 மட்டுமே. ஐந்து நிபந்தனைகள் மிகை. ஆயினும் மென்பொருள் எதுவும் சொல்வதில்லை. மிகையான ஐந்தும் மற்றவற்றோடு முரண்படவில்லை என்பதே காரணம். முகங்கள் ஒட்டியபோதே தகட்டின் சாய்வுகள் இரண்டும் பறிபோயின. துளை அச்சுகள் அதே சாய்வுகளை மீண்டும் இருமுறை கட்டுப்படுத்துகின்றன. துளைகள் முகத்துக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கும் வரை மூன்று கட்டளைகளும் ஒரே விடையைத் தருகின்றன. ஆக, சாய்வுகளில் நான்கு மிகை. ஐந்தாவது மிகை துளைகளை இணைக்கும் கோட்டின் வழியேயான நகர்வு ஆகும். முதல் துளை அதை ஏற்கெனவே நிறுத்திவிட்டது. இரண்டாம் துளையும் அதையே நிறுத்த முற்படுகிறது. இடைத்தூரம் இரண்டிலும் 50 ஆக இருப்பதால் சிக்கல் இல்லை.

மேல்தகட்டின் இடைத்தூரத்தை எவரேனும் 50.2 ஆக மாற்றினால் அந்த ஐந்தாவது நிபந்தனை முரணாகிறது. எச்சரிக்கை தோன்றுகிறது. இதுவரை இல்லாத பிழை திடீரென்று வந்ததாகப் பயனர் எண்ணுவார். உண்மையில் அது முதல் நாளிலிருந்தே தொகுப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. மிகை வேறு, முரண் வேறு. மிகை என்பது இருமுறை சொல்லப்பட்ட செய்தி; இரண்டு கூற்றும் ஒத்திருக்கும் வரை தீங்கில்லை. அளவொன்று மாறும்போது அதுவே முரணாகிறது. மீண்டும் மீண்டும் வரும் எச்சரிக்கைகளுள் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

வேறு மென்பொருளிலிருந்து ஸ்டெப் போன்ற பொதுக் கோப்பாகப் பெற்ற பாகங்களில் இது இன்னும் நுட்பமாக நிகழும். துளை முகத்துக்கு 90 பாகை என்று தோன்றினாலும் கோப்பில் 89.99 பாகையாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டைத் தீர்வி ஏற்பதில்லை.

எச்சரிக்கை காட்டும் இடம்

தீர்வி கட்டுப்பாடுகளைச் சமன்பாடுகளாக எழுதி, நியூட்டன்-ராப்சன் முறை போன்ற எண்சார் முறைகளால் படிப்படியாக விடையை அணுகுகிறது. மிகைகளைக் கண்டறிய அச்சமன்பாடுகளின் வகைக்கெழுக்களைக் கொண்ட ஜக்கோபியன் அணியின் தரம் கணக்கிடப்படுகிறது. தரம் சமன்பாடுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாயின், அக்குறைவே மிகைகளின் எண்ணிக்கை. எத்தனை மிகை என்று அணி சொல்லும். எது மிகை என்று சொல்லாது. மேற்கண்ட தகடுகளில் முதல் துளையை மிகை என்று கொண்டாலும் சரியே, இரண்டாம் துளையை மிகை என்று கொண்டாலும் சரியே. மென்பொருள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து சிவப்புக் குறியிட வேண்டும். வழக்கமாகக் கடைசியில் வந்ததையோ, முரணில் பங்குபெறும் அனைத்தையுமோ அது குறியிடுகிறது.

இதனால் குறியிடப்பட்டதை நீக்குவது பிழையைத் திருத்தியதாகாது. குறியிடப்பட்ட கட்டுப்பாடு சரியானதாகவும், ஆறு மாதங்களுக்கு முன் வேறொருவர் இட்ட கட்டுப்பாடு தவறானதாகவும் இருக்கலாம். நீக்கியவுடன் எச்சரிக்கை மறைவது உண்மையே. முரண்பட்ட இரு கூற்றுகளில் எதை நீக்கினாலும் முரண் மறையும்.

காணாமற்போகும் முகங்கள்

மிகையோடு தொடர்பற்ற மற்றொரு காரணமும் உண்டு. கட்டுப்பாடு ஒவ்வொன்றும் பாகத்தின் ஒரு முகத்தையோ விளிம்பையோ சுட்டுகிறது. பாகத்தில் விளிம்பு மழுக்கப்பட்டாலோ, ஒரு பள்ளம் வெட்டப்பட்டாலோ முகங்கள் பிரிகின்றன, சேர்கின்றன, சில மறைகின்றன. கட்டுப்பாடு சுட்டிய முகம் இல்லாமற் போனால் அது தொங்கலாக நிற்கும். சாலிட்வொர்க்ஸ் இதற்குச் சுட்டிய முகத்தை மாற்றித் தரும் கட்டளையைக் கொண்டுள்ளது; கட்டுப்பாட்டை அழித்து மீண்டும் இடுவதைவிட அதைப் பயன்படுத்துவது நன்று. அழித்தால் அதைச் சார்ந்த அளவுகளும் உடன் அழியும்.

கட்டற்ற மென்பொருளான ஃபிரீகேட் இச்சிக்கலுக்கு நெடுங்காலம் பேர்போனது. அதில் முகங்கள் முகம் 1, முகம் 2 என வரிசை எண்ணால் பெயரிடப்பட்டன. பாகத்தில் மாற்றம் செய்ததும் எண்கள் மாறி, கட்டுப்பாடு வேறொரு முகத்தைப் பற்றிக்கொள்ளும். பிழைச்செய்தி கூட வராமல் பாகம் தவறான இடத்துக்குத் தாவிவிடுவதுண்டு. இது எச்சரிக்கையைவிடத் தீங்கானது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பு இச்சிக்கலைப் பெருமளவு தணித்ததோடு, உள்ளமைந்த தொகுப்புப் பணிமேடையையும் அளித்தது.

பாகத்தின் தொடக்கத் தளங்களையும் அச்சுகளையும் சுட்டி இடப்படும் கட்டுப்பாடுகள் இவ்வாறு உடைவதில்லை. மழுக்கலோ பள்ளமோ அவற்றைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் உழைப்பைக் கோரினாலும் அடிக்கடி மாறும் பாகங்களுக்கு இதுவே ஏற்ற வழி.

இரு விடை உள்ள நிபந்தனைகள்

"30 பாகை" என்னும் கோணக் கட்டுப்பாட்டை இடப்புறமாகவும் நிறைவு செய்யலாம், வலப்புறமாகவும் நிறைவு செய்யலாம். "முகத்திலிருந்து 10 மில்லிமீட்டர்" என்பதற்கும் இரு பக்கங்கள் உண்டு. தீர்வி தற்போதைய நிலைக்கு அண்மையிலுள்ள விடையை எடுத்துக்கொள்கிறது. கோணம் சுழியத்தைக் கடக்கும்போது இரு விடைகளும் ஒன்றையொன்று நெருங்குவதால் பாகம் மறுபக்கம் புரண்டு, தொடர்ந்து வரும் கட்டுப்பாடுகள் வரிசையாகச் சிவக்கும். இங்கு ஒரே பிழை பத்தாகத் தோன்றுகிறது. புரண்ட பாகத்தைக் கையால் சரியான பக்கத்துக்குத் திருப்பி மறுகணக்கீடு செய்தால் பத்தும் மறைவதுண்டு. கோணம் எத்திசையில் அளக்கப்படுகிறது என்பதைக் காட்டும் மூன்றாவது அச்சு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது நிலையான தீர்வு.

பிழையின் வேரைக் கண்டறிதல்

சாலிட்வொர்க்சில் ஒவ்வொரு பாகத்தின் பெயருக்கு முன்னும் அதன் நிலை ஒரு குறியால் காட்டப்படும். கழித்தல் குறி, பாகம் இன்னும் அசையக்கூடியது என்பதையும், கூட்டல் குறி, மிகையாகக் கட்டப்பட்டது என்பதையும், வினாக்குறி, விடை காணப்படவில்லை என்பதையும் உணர்த்தும். முரண்படும் கட்டுப்பாடுகளைத் தொகுத்துக் காட்ட மேட்எக்ஸ்பர்ட் என்னும் கருவி உண்டு. இன்வென்டரில் டிசைன் டாக்டர் என்பது பழுதான கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுகிறது.

கருவிகள் உதவாத பெரிய தொகுப்பில் பாதியாக்கும் முறை பயன்படும். 40 கட்டுப்பாடுகள் உள்ளனவாயின், பின்பாதி 20ஐ அழிக்காமல் முடக்கிவைத்து மறுகணக்கீடு செய்ய வேண்டும். எச்சரிக்கை மறைந்தால் முடக்கியவற்றில் பத்தை மீளச் செயற்படுத்த வேண்டும். மறையாவிடில் மேலும் பத்தை முடக்க வேண்டும். இவ்வாறு ஏறத்தாழ ஆறு முயற்சிகளில், எந்தக் கட்டுப்பாடு சேரும்போது முரண் தோன்றுகிறது என்பது தெளிவாகும். அக்கட்டுப்பாடு முரணின் ஒரு முனை மட்டுமே என்பதை மறக்கலாகாது. அதைச் செயலில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் வந்தவற்றை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தால் எது முடங்கும்போது எச்சரிக்கை மறைகிறதோ அது மறுமுனை. இரண்டையும் அருகருகே வைத்து இரு பாகங்களின் அளவுகளையும் ஒப்பிட்ட பின்னரே எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய இயலும்.

திருத்துதல் என்பது பெரும்பாலும் கட்டுப்பாட்டை இலேசாக்குவதே. மேற்கண்ட தகடுகளில் இரண்டாம் அச்சுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இரு தகடுகளின் பக்க முகங்களை இணையாக்கினால் எஞ்சியிருந்த ஒரே சுழற்சி நிற்கும். இடைத்தூரம் மாறினாலும் எச்சரிக்கை வராது. அதுபோலவே போல்ட்டுகளும் வாஷர்களும் தம் அச்சைச் சுற்றிச் சுழலும் நிலையில் விடப்படுவதில் தவறில்லை. எல்லாப் பாகங்களின் கழித்தல் குறியையும் போக்கியே தீர வேண்டும் என்று முயல்வது மிகைக் கட்டுப்பாடுகளைப் பெருக்கும்.

எச்சரிக்கை எதைக் காட்டுகிறது

எச்சரிக்கையை நிறுத்துவது வேறு, அது காட்டிய குறையைக் களைவது வேறு. இரண்டாம் அச்சுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் மென்பொருள் அமைதியாகிறது. ஆனால் மேல்தகட்டில் 50.2, கீழ்த்தகட்டில் 50 என்னும் வேறுபாடு அப்படியே உள்ளது. வரைபடங்கள் பட்டறைக்குச் செல்கின்றன. அதன்பின் நடப்பது துளைகளில் எது நுழைகிறது என்பதைப் பொறுத்தது.

அவை 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கான 6.6 மில்லிமீட்டர் துளைகளாயின் 0.2 வேறுபாடு இடைவெளியிலேயே அடங்கிவிடும்; எவரும் அறியமாட்டார்கள். அவை டவல் பின்களுக்கான துல்லியத் துளைகளாயின் பின்னுக்கும் துளைக்கும் இடையே அத்தகைய இடமே இல்லை. இரண்டாவது பின் நுழையாது. சுத்தியால் அடித்து நுழைத்தால் தகடு விகாரமடையும், அல்லது துளை கெடும். திரையில் இரண்டு நேர்வுகளிலும் எச்சரிக்கை ஒன்றே. அதன் பொருளை முடிவு செய்ய வடிவமைப்பாளர் பாகத்தின் பயனை அறிந்திருக்க வேண்டும்.

பட்டறைகளில் இச்சிக்கலுக்குப் பழைய விடை ஒன்று உண்டு. ஜிக், ஃபிக்சர் ஆகிய பிடிகருவிகளில் வேலைப்பொருளை இரு பின்களின் மேல் அமர்த்தும்போது இரண்டையும் உருண்டையாகச் செய்வதில்லை. ஒன்று உருண்டை, மற்றது டயமண்ட் பின் எனப்படும் பக்கங்கள் சீவப்பட்ட பின். அது இரு பின்களை இணைக்கும் கோட்டின் வழியே சற்று இடம் விட்டு, அதற்குக் குறுக்கான திசையில் மட்டும் தாங்குகிறது. அதாவது, தகடுகளில் மிகையாகக் கண்ட அதே ஐந்தாவது நிபந்தனையை உலோகத்தில் நீக்குகிறது. சில வடிவமைப்புகளில் இரண்டாம் துளையை நீள்துளையாக்குவதும் இதே நோக்கத்துக்காகவே. கட்டுப்பாட்டு எச்சரிக்கை இவ்வாறு உண்மையான இயந்திரத்தில் உள்ள மிகைத் தாங்கலைச் சுட்டும்போது, திருத்தம் கோப்பில் அன்று, பாகத்தில் செய்யப்பட வேண்டும்.

கதவும் இரண்டு கீல்களும்

இயக்கப் பகுப்பாய்வில் மிகைக் கட்டுப்பாடு எச்சரிக்கையோடு நிற்பதில்லை. விடைகளையே பிறழச் செய்கிறது. ஒரு கீல் ஐந்து கட்டின்மை அளவுகளைப் பறிக்கிறது. கதவுக்கு இரண்டு கீல்கள் இட்டால் பத்து. ஆறிலிருந்து பத்தைக் கழித்தால் எதிர்ம நான்கு. ஆனால் கதவு திறந்து மூடுகிறது, அதாவது ஒரு கட்டின்மை அளவு உண்மையில் எஞ்சியுள்ளது. ஆகவே மிகை ஐந்து. இவற்றைத் தீர்வி தானே நீக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. எவற்றை நீக்குவது என்பது அதன் விருப்பம். விளைவாக, கதவின் எடை முழுவதையும் ஒரு கீலே தாங்குவதாகவும், மற்றதில் விசை சுழியம் என்றும் விடை வரக்கூடும். இதைக் கண்டு இரண்டாம் கீலைச் சிறிதாக்குபவர் தவறான எண்ணை நம்புகிறார். கீல்களை நெகிழ்வுள்ள இணைப்புகளாகக் கொள்வது, அல்லது ஒரு கீலைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் இணைப்பாக மாற்றிச் சுமை பகிர்வைத் தனியே கணிப்பது வழக்கம்.

நான்கு தண்டுப் பொறியமைப்பும் இத்தகையது. அசையும் தண்டுகள் மூன்று, ஆக 18. கீல்கள் நான்கு, ஆக 20. கணக்கில் எதிர்ம இரண்டு வந்தாலும் நான்கு அச்சுகளும் சரியாக இணையாக இருப்பதால் அது இயங்குகிறது. ஓர் அச்சு சிறிது சாய்ந்தாலும் திரையில் பூட்டிக்கொள்ளும். ஒரு கீலை அச்சுவழி வழுக்கும் இணைப்பாகவும் மற்றொன்றைப் பந்து இணைப்பாகவும் மாற்றினால் பறிபோவது 17 ஆகக் குறைந்து, எஞ்சுவது சரியாக ஒன்று. உண்மை இயந்திரங்களில் தண்டுகளின் முனைகளில் பந்து வடிவப் பேரிங்குகள் அமைக்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

நான்கு அச்சுகளும் இணையாகவும் இல்லாமல், ஒரு புள்ளியில் சந்திக்கவும் செய்யாமல் இயங்கும் பொறியமைப்பும் உண்டு. ஜெஃப்ரி தாமஸ் பென்னெட் 1903 இல் இதனை விளக்கினார். எதிரெதிர்த் தண்டுகள் நீளத்திலும் முறுக்குக் கோணத்திலும் சமமாக இருந்து, தண்டின் நீளத்துக்கும் அதன் முறுக்குக் கோணத்தின் சைன் மதிப்புக்கும் உள்ள விகிதம் நான்கிலும் ஒன்றாயின் மட்டுமே அது அசையும். ஒரு சோடித் தண்டுகள் 100 மில்லிமீட்டர் நீளமும் 30 பாகை முறுக்கும் கொண்டவை, மறு சோடியின் நீளம் 150 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அவற்றின் முறுக்கு ஏறத்தாழ 48.5904 பாகை ஆக வேண்டும். அதை 48.6 என முழுமையாக்கி உள்ளிட்டால், தண்டுகள் ஒரே கோட்டில் மடிந்த நிலைகளைத் தவிர வேறெந்த நிலைக்கு இழுத்தாலும் மென்பொருள் பிழைச்செய்தி தரும். கோணத்தை எண்ணாக உள்ளிடாமல் சைன் விகிதத்தை வாய்பாடாகவே எழுதிவிட்டால் பொறியமைப்பு தடையின்றிச் சுழலும்.